கரிசல் மண்ணில் புதுவீடு வாங்குவோருக்கு: முன்பணம் கொடுக்கும் முன் தெளிவாக வேண்டியவை

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் என்று நீளும் கரிசல் வட்டாரத்தில் முன்பெல்லாம் வீட்டைக் கட்டத்தான் செய்வார்கள், வாங்குவது அபூர்வம். மனை அத்தா காலத்தது, கொத்தனார் தெரிந்தவர். வாணம் தோண்டும் நாளிலிருந்து வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். இன்று பிள்ளை சவூதியிலோ துபாயிலோ சென்னையிலோ இருக்கிறார். நின்று பார்க்க ஆளில்லை. ஆகவே மனை பிரித்து, வீடு கட்டி, பெயின்ட் அடித்து, சாவியோடு விற்பவரிடம் போகிறோம். வேலை மிச்சம்தான். ஆனால் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

இந்தத் தெரியாமைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஜும்ஆ முடிந்த பிறகு ஆலிம்களிடம் வரும் கேள்விகளைப் பாருங்கள். கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாமா, வங்கிக் கடன் கூடுமா, தம்பி பெயரில் பத்திரம் போட்டால் என்ன என்று மார்க்கச் சட்டமாகத்தான் தொடங்கும். சற்று நேரம் பேசினால் உள்ளே இருக்கும் கலக்கம் வெளிவரும். இருபது வருட உழைப்பு, மனைவியின் நகை, உறவினரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்டோமா என்ற சந்தேகம் அதற்கு மேல்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் வீட்டை அல்லாஹ் நமக்குத் தந்த இளைப்பாறும் இடமாகச் சொல்கிறது. அங்கே வரும் ‘ஸகன்’ என்ற சொல்லுக்கும், மன அமைதியைக் குறிக்கும் ‘ஸகீனத்’ என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. அந்த அமைதி குடிபுகுந்த பிறகு தானாக வந்துவிடாது. பெரும்பகுதி வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

இமாம் நவவீ மன்னித்த அஸ்திவாரம்

விளைவு தெரியாத, விவரம் மறைந்த வியாபாரத்தை ஷரீஅத் ‘ஃகரர்’ என்கிறது. அத்தகைய விற்பனையை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) வழியாக வருகிறது. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்), இது வணிகச் சட்டத்தின் பெரிய அடிப்படைகளில் ஒன்று என்கிறார். கூடவே, எல்லாத் தெரியாமையையும் நீக்க முடியாது, தேவைக்காகச் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் நம் விஷயத்துக்கே நேராக வருகிறது: வீட்டை வாங்குபவர் அதன் அஸ்திவாரத்தைப் பார்த்திருக்க மாட்டார், அது பொறுத்துக்கொள்ளப்படும்.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் அவர்கள் டமாஸ்கஸ் பகுதியில் வாழ்ந்தவர்கள். சட்டம் இன்றும் அதுதான்: அஸ்திவாரத்தைப் பார்க்கவில்லை என்பதற்காக விற்பனை செல்லாமல் போகாது. ஆனால் பசுவந்தனைக் கரிசலில் வீட்டின் ஆயுளை முடிவு செய்வது அந்த அஸ்திவாரமே. விற்பனை கூடும் என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

ஹனஃபி நூலான ஹிதாயாவில் இதற்கு இணையான இன்னொரு செய்தி உண்டு. பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்த பின் வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு ‘கியாருர் ருஃயா’ என்று பெயர். வீட்டைப் பொறுத்தவரை முற்றத்தைப் பார்த்தாலே பார்த்ததாகும் என்பது முந்தைய தீர்ப்பு. அறைகளுக்குள் நுழைந்து பார்த்தே ஆக வேண்டும் என்றார் இமாம் ஸுஃபர். ஹிதாயாவின் ஆசிரியர் மர்ஃகீனானீ, முந்தைய தீர்ப்பு அன்றைய வீடுகள் ஒன்றுபோல இருந்ததால் வந்தது, இப்போது வீடுகள் வேறுபடுவதால் உள்ளே சென்று பார்ப்பது அவசியம் என்று எழுதுகிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே காலத்தின் வழக்கத்தைப் பார்த்து இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பும் வெளிநாட்டுச் சகோதரர்கள் இதை யோசிக்க வேண்டும். ஊரில் நம்பிக்கையான ஒருவரைப் பொறுப்பாக்கி அவரையாவது உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே, அந்த வீட்டைக் கட்டியவருடன் தொடர்பில்லாத ஒரு பொறியாளரையும் அனுப்புங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் வீண் செலவல்ல.

கரிசல் என்ன செய்கிறது

கரிசல் மண்ணில் உள்ள களிமண் தண்ணீரைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் காட்டில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே வெடிப்பு மூடிக்கொள்ளும். இந்த ஏற்ற இறக்கம் மேல்மண்ணோடு நிற்பதில்லை. ஈரம் மாறும் ஆழம் ஏறக்குறைய 3.5 மீட்டர் வரை போகும் என்று இந்தியப் பொறியியல் நடைமுறை கணக்கிடுகிறது. மூன்றடி வாணத்தில் கல் அடுக்கி எழுப்பிய சுவர் ஆண்டுதோறும் தூக்கி இறக்கப்பட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அடியில் குமிழ்போல விரிந்த தூண்களை ஈரம் மாறும் ஆழத்துக்குக் கீழே இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்தது. அண்டர் ரீம் பைல் என்று பொறியாளர்கள் சொல்வது அதைத்தான். சிறிய வீடுகளுக்கு வேறு முறைகளும் உண்டு: கரிசலை அள்ளிவிட்டு, அடியிலுள்ள சுக்கான் அல்லது கெட்டித் தளம் வரை போவது, குழியை மீண்டும் கரிசலால் மூடாமல் மணலோ சரள்மண்ணோ போட்டுத் தண்ணீர்விட்டு இறுக்குவது, எல்லாச் சுவரையும் கட்டிப்பிடிக்கும் பிளிந்த் பீம் போடுவது, வீட்டைச் சுற்றி மூன்று நான்கடி அகலத்தில் சிமென்ட் தளம் போட்டு மழைத் தண்ணீர் சுவரடியில் இறங்காமல் வெளியே ஓடவிடுவது. இவற்றில் எதைச் செய்தார் என்று விற்பவரிடம் நேரடியாகக் கேட்கலாம். வாணம் தோண்டியபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஒழுங்காகச் செய்தவர் படத்தை மகிழ்ச்சியோடு காட்டுவார். படம் இல்லாதது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் கேள்வியைக் கேட்டதும் கோபப்படுபவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது பூச்சில் மயிரிழையாக ஓடும் கீறலைக் கண்டு பயப்பட வேண்டாம். சிமென்ட் பூச்சு காயும்போது அப்படி வருவது வழக்கம். கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பு, செங்கல் வரிசையைப் படிக்கட்டுபோலப் பின்பற்றிப் போகும் வெடிப்பு, தரை சுவரைவிட்டுக் கீழிறங்கி விளிம்பில் தெரியும் இடைவெளி, மழைக்காலத்தில் இறுகி மாட்டிக்கொள்ளும் கதவு இவைதான் மண் வேலை காட்டியதன் அடையாளம். விற்பதற்குச் சற்று முன்பு புதுப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் இவை மறைந்திருக்கும். ஆகவே ஒரே ஒரு முறை, அதுவும் கோடையில், பார்த்து முடிவு செய்யக் கூடாது. முடிந்தால் வெடிப்புக் காலத்தில் ஒரு முறையும் மழைக்குப் பிறகு ஒரு முறையும் பாருங்கள். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றால், அதே ஆள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டி விற்ற வீட்டைப் போய்ப் பாருங்கள். அங்கே குடியிருக்கும் பெண்களிடம் நம் வீட்டுப் பெண்களைப் பேசச் சொல்லுங்கள். ஆண்களுக்குத் தெரியாத ஒழுகலும் ஓதமும் அவர்களுக்குத் தெரியும்.

செப்டிக் டேங்க் சுவரை ஒட்டி இருக்கிறதா, மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது, வேம்பு போன்ற பெரிய மரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். மூன்றும் அஸ்திவாரத்தடியில் ஈரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்பவை. போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பது நல்லது. உப்புத் தண்ணீரில் கட்டி, உப்புத் தண்ணீரிலேயே நனைத்த வீட்டில் சுவர் பூத்துப் பூச்சு உதிரும். உள்ளே கம்பியும் துருப்பிடிக்கும்.

மழை குறைந்த வட்டாரம்தானே என்று தாழ்வான மனையை வாங்கிவிடுபவர்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தது. வாய்க்கால், ஓடை, கண்மாய்க்கரை ஆகியவை எங்கே இருந்தன என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வரைபடத்தில் மறைந்துபோன ஓடை மழை வந்தால் பழைய வழியிலேயே வரும்.

காகிதங்கள்

விளம்பரங்களில் ‘ரெரா பதிவு’ என்று பார்க்கிறோம். வீடு வாங்குவோரைப் பாதுகாக்க 2016இல் வந்த மத்தியச் சட்டம் அது; தமிழ்நாட்டுக்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. நல்ல சட்டம். பதிவான ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்பன அதில் உள்ளன. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளாகவோ கட்டப்படும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. நம் ஊர்ப்பக்கம் ஐந்து சென்டில் ஒருவர் கட்டி விற்கும் தனி வீடு பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வந்துவிடும். அந்த வீட்டுக்கு ரெராவின் ஐந்தாண்டுப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது ஏமாற்றத்தில் முடியும். அங்கே நமக்குப் பாதுகாப்பு நாம் எழுதி வாங்கும் ஒப்பந்தமும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். 2019 நுகர்வோர் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவையாகக் கணக்கில் எடுக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். “பார்த்துச் செய்து தர்றேன் பாய்” என்ற வார்த்தையை நம்பி இந்தக் காலக்கெடுவைக் கடத்திவிடக் கூடாது.

பத்திரங்களைப் பார்ப்பதற்கு ஒரு வழக்கறிஞரின் அரை நாள் போதும். தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரிலேயே உட்பிரிவு செய்த பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி. பவர் பத்திரத்தை மட்டும் காட்டி, பதிவான கிரயம் இல்லாமல் வீட்டைக் கைமாற்றுபவரிடம் வாங்க வேண்டாம். பவர் பத்திரம் உரிமையை மாற்றித் தராது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனை, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ளதா என்பது அடுத்த கேள்வி. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, பழைய மனைகளுக்காக 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்குப் பின் அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனைக்கு அந்தச் சலுகை இல்லை.

அனுமதிக் காகிதம் இருப்பதும் கட்டடம் உறுதியாக இருப்பதும் வேறு வேறு. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினொரு மாடிக் கட்டடத்துக்கும் அனுமதி இருந்தது.

நம் சமூகத்தவர் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: நிலம் வக்ஃபாக இருக்கிறதா என்பது. வக்ஃபு சொத்தை விற்பது மார்க்கத்தில் கூடாது. 2013 திருத்தத்துக்குப் பின் சட்டத்திலும் அத்தகைய கிரயம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பள்ளிவாசல், தர்கா, மையவாடி நிலங்களுக்கு அருகே உள்ள சர்வே எண்ணாக இருந்தால் ஜமாஅத் பதிவேட்டையும் பதிவுத்துறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். யாரோ விற்றார், நாம் பணம் கொடுத்தோம் என்பது மறுமையில் பதிலாகாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அட்வான்ஸ் என்ற முள்

மனக்கசப்பு அதிகம் பிறப்பது இந்த இடத்தில்தான். நம் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் தர வேண்டும். ஒப்பந்தத்தில் இப்படி அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

வாங்காவிட்டால் முன்பணம் விற்பவருக்கே என்ற நிபந்தனைக்கு ஃபிக்ஹில் ‘உர்பூன்’ என்று பெயர். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் இது கூடாது. வியாபாரம் முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதித்தார்கள். 1993இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், காத்திருக்கும் காலம் திட்டமாக வரையறுக்கப்பட்டிருந்தால் இது கூடும் என்று தீர்மானித்தது. கரிசல் வட்டாரத்தில் பெரும்பாலோர் ஹனஃபிகள்; காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தில் ஷாஃபிஈகள். ஆகவே நம் மத்ஹபின்படி, கைக்கு வந்த அட்வான்ஸை ‘வழக்கம்தானே’ என்று வைத்துக்கொள்வது சந்தேகமான பணம். இரண்டு மடங்கு கேட்பதற்கும் அங்கே ஆதாரமில்லை. பின்வாங்கியதால் விற்பவருக்கு உண்மையாகவே ஆன செலவு, உதாரணமாகப் பத்திரம் தயாரித்த கூலி, யார் தலையில் என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளலாம். நம் கருத்து இதுதான்: அட்வான்ஸைச் சிறியதாக வையுங்கள், எந்தத் தேதிக்குள் கிரயம் என்று எழுதுங்கள், எந்தக் காரணத்துக்காக (பத்திரத்தில் குறை, பொறியாளர் அறிக்கையில் குறை) முழுவதும் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். அப்புறம் கைகலப்புக்கு இடமிருக்காது.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது. அது தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. “நம்ம ஆளுதானே, எதுக்கு எழுத்து?” என்பது நம்மிடையே மரியாதையாகக் கருதப்படுகிறது. எழுதக் கேட்பது நம்பாததாகாது. வசனம் நம்பிக்கையாளர்களை அழைத்துத்தான் அப்படிச் சொல்கிறது.

இன்னும் கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் கட்டுகிறோம் என்றால் அது ‘இஸ்திஸ்னா’, அதாவது செய்து தரச் சொல்லும் ஒப்பந்தம். ஹனஃபிகள் இதைத் தனி ஒப்பந்தமாகவே ஏற்றார்கள். இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்ற இமாம் அபூயூஸுஃபின் கருத்தை உஸ்மானிய அரசின் மஜல்லா சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. 1992இல் ஜித்தாவில் ஃபிக்ஹ் அகாடமியும் அதையே தீர்மானித்தது: பொருளின் வகை, அளவு, தன்மை, முடிக்கும் காலம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும், பணத்தைத் தவணையாகத் தரலாம், தாமதத்துக்கு நஷ்டஈடு பேசிக்கொள்ளலாம், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் தவிர. கம்பி எந்த அளவு, சிமென்ட் எந்தத் தரம், மணலா எம்-சாண்டா, கதவு தேக்கா வேம்பா, டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு விலையில் என்று எழுதுவதை இன்றைக்கு நாம் கட்டுமான நுணுக்கம் என்கிறோம். ஃபகீஹ்கள் அதைத்தான் ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கான நிபந்தனையாக வைத்தார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கட்டுபவர் தாமதித்தால் விலையில் கழிவு பேசலாம், வாங்குபவர் தவணையைத் தாமதித்தால் அதற்குக் கூடுதல் பணம் என்று எழுதினால் அது வட்டி.

‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்’ என்ற வரியைப் பார்த்தால் நிதானியுங்கள். வாங்கிய பொருளில் பழைய குறை தெரிந்தால் திருப்பித் தரும் உரிமை (‘கியாருல் ஐப்’) எல்லோருக்கும் உண்டு. ஆனால் எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை ஏற்று வாங்கினால் ஹனஃபி மத்ஹபில் அந்த உரிமை போய்விடும். விற்கும் முஸ்லிமுக்கோ அந்த வரி பாவத்திலிருந்து தப்பும் வழி ஆகாது. தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பது கூடாது என்பதற்கு இப்னு மாஜாவில் ஹதீஸ் இருக்கிறது.

பணமும் பெயரும்

வட்டிக் கடனைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. அது ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இந்தியாவில் வட்டியில்லா வங்கிமுறையைக் கொண்டுவரும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017இல் கைவிட்டது. எனவே நமக்கு இருப்பது சேமிப்பு, உறவினரின் அழகிய கடன், விற்பவரிடமே நேரடித் தவணை, சிறிய வீடு ஆகியவைதான். தவணை என்றால் ரொக்க விலையைவிடக் கூட்டிப் பேசலாம். ஆனால் மொத்த விலை ஒரே எண்ணாக, ஒப்பந்த நேரத்திலேயே முடிவாக வேண்டும், பிறகு கூடக் கூடாது. முதலில் இரண்டு அறை கட்டி, வசதி வந்தபின் மாடி எடுப்பது நம் பெற்றோர் செய்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் அஸ்திவாரம் அதைத் தாங்குமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கையிருப்பைக் கணக்கிடும்போது பத்திரச் செலவை மறப்பவர்கள் பலர். இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2,70,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நிலக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அட்வான்ஸையும் வங்கி வழியாகவே கொடுங்கள், அதுவே சாட்சியாகிவிடும்.

இனி எல்லாவற்றிலும் கடினமான பேச்சு. பணம் யாருடையது, பத்திரம் யார் பெயரில்?

வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்புவார். ஊரிலுள்ள தம்பி பெயரிலோ அம்மா பெயரிலோ பத்திரம் முடியும். அன்று யாருக்கும் தப்பான எண்ணமில்லை. பத்து வருடம் கழித்து அம்மா வஃபாத்தானதும் வீடு வாரிசுச் சொத்தாகப் பேசப்படும். சகோதரிகளுக்கும் பங்கு உண்டு என்பார்கள். பணம் என்னுடையது என்று அனுப்பியவர் சொன்னால் குடும்பம் இரண்டாகும். நாட்டுச் சட்டமும் அவருக்குக் கைகொடுக்காது. 2016இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டம், மனைவி அல்லது பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்குவதை விலக்கி வைத்திருக்கிறது. பெற்றோர், சகோதரர், சகோதரி பெயரில் என்றால், பணம் கொடுத்தவரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான் அந்த விலக்கு கிடைக்கும். தம்பி பெயரில் மட்டும் வாங்கிவிட்டு, பின்னால் வீடு என்னுடையது என்று வழக்குப் போட முடியாது. ஆகவே, பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அன்பளிப்பாகவே கொடுக்கிறோம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, உடைமையை ஒப்படைத்துக் கொடுங்கள். அது அப்போது அம்மாவின் சொத்து, பிறகு உரிமை கோரக் கூடாது.

மனைவியின் நகை இன்னொன்று. மஹராக வந்ததும் பெற்றோர் போட்டதும் அவருடைய சொத்து. வீட்டுக்காக விற்கும்போது அது கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்கா என்று பெரும்பாலான கணவர்கள் கேட்பதே இல்லை. அவர் வாய் திறக்காமல் கழற்றிக் கொடுத்ததை மனப்பூர்வமான சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்நிஸா 4ஆம் வசனம் மஹரில் மனைவி மனமுவந்து விட்டுத்தருவதையே ஆகுமாக்குகிறது. கடன் என்றால் எத்தனை பவுன் என்று எழுதுங்கள். பங்கு என்றால் பத்திரத்தில் பெயர் வரட்டும். நகையைக் கொடுத்த பெண் வாடகைக்காரரைப் போல அந்த வீட்டில் வாழ்வதைப் பல குடும்பங்களில் பார்க்கிறோம். அந்த மௌனம் சுவர் வெடிப்பைவிட ஆழமானது.

இஸ்திகாரா தொழுங்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கனவு வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மண்ணையும் பத்திரத்தையும் விசாரித்து, வீட்டாரிடம் மஷ்வரா செய்துவிட்டுத் தொழுது, கிடைக்கும் தெளிவின்படி நடக்க வேண்டியதுதான். மனையடி சாஸ்திரம் பார்த்து வாசலை மாற்றச் சொல்பவருக்குக் கொடுக்கும் பணத்தைப் பொறியாளருக்குக் கொடுங்கள். திசை பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது கழிவறை. நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கிறது. கட்டடத்துக்குள்ளும் கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமர்வதை ஹனஃபிகள் வெறுக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கட்டடத்துக்குள் தடையில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சொன்னால் திருப்பி வைப்பது எளிது. பிறகு சொன்னால் உடைக்க வேண்டும்.

சாவி வாங்கும்போது

விலையில் ஒரு சிறு பகுதியை மழைக்காலம் முடிந்து தருவதாகப் பேசி வைத்துக்கொள்வது நல்ல பாதுகாப்பு. ஆனால் ‘மழை முடிந்ததும்’ என்று எழுதக் கூடாது. அறுவடைக்குத் தருகிறேன், சூடடிப்புக்குத் தருகிறேன் என்று நாள் தெரியாத தவணை வைப்பதை ஃபகீஹ்கள் தடுத்தது இதே காரணத்துக்காகத்தான். ஜனவரி 31 என்று தேதி போடுங்கள். அதற்குள் எந்தெந்தக் குறை தெரிந்தால் அவர் சரிசெய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். குறை இல்லையென்றால் அந்தத் தேதியில் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது வாங்குபவருக்கும் பொருந்தும்.

பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாற்றம், வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பியுங்கள். கட்டட வரைபடம், கம்பி விவரம், மின்கம்பி, குழாய் போகும் வழி ஆகியவற்றின் நகலை விற்பவரிடம் வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். பின்னாளில் சுவரில் ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.

குடிபுகும் தேதியைக் கடைசியில் குறியுங்கள். ரமலானுக்கு முன், பிள்ளையின் லீவு முடிவதற்குள் என்று தேதியை முதலில் குறித்து, ஐந்நூறு பேருக்குப் பிரியாணி சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு கண்ணில் படும் எந்தக் குறையையும் வாய்திறந்து சொல்ல முடியாது. விற்பவருக்கும் அது தெரியும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் எல்லாம் ஓடுவதை ஒரு வாரம் பார்த்த பிறகு பத்திரிகை அடித்தால் போதும்.